கிராண்ட் டீட்டானில் முதல் சிகரம்: பனியாறு செதுக்கிய மலையில் பாதையைத் திட்டமிடுவது எப்படி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள கிராண்ட் டீட்டான் தேசியப் பூங்காவில் நடைபாதை உங்களைச் சிகரம் வரை கொண்டுபோய் விடாது. பள்ளத்தாக்கின் பாதி தூரம் கூட்டிவந்து, ஒரு பாறைக்குவியலின் ஓரத்தில் நிறுத்திவிடும். அதற்கு மேல் வழிப்பலகை கிடையாது. ஆங்காங்கே யாரோ அடுக்கிவைத்த கல் குவியல்கள் தெரியும். அவற்றில் பாதி, வழி தவறியவர்கள் அடுக்கியவை. எந்தப் பக்கம் ஏறுவது, பனியை எங்கே கடப்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதெல்லாம் வீட்டில் வரைபடத்தை விரித்துவைத்திருக்கும்போதே முடிவாக வேண்டும்.

நன்றாக நடப்பவர்கள், ஆனால் பாதையில்லாத சிகரம் ஒன்றில்கூட இதுவரை ஏறாதவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக மிடில் டீட்டான் சிகரத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் 3,903 மீட்டர். அதன் தென்மேற்குக் கூலுவார் வழி, கோடையின் பிற்பகுதியில் பனி வடிந்த பிறகு கயிறு இல்லாமலே ஏறக்கூடியது. கூலுவார் என்றால் இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் ஒடுக்கமான வாய்க்கால். பனியும் கல்லும் அதன் வழியாகத்தான் கீழே இறங்கும், நாமும் அதே வழியாகத்தான் மேலே போகிறோம். இந்த ஒன்றை எப்போதும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு எண் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்க ஏற்ற நூல்கள் வழிகளை 1 முதல் 5 வரை வகுப்புகளாகப் பிரிக்கின்றன. 1 என்பது பாதையில் நடப்பது. 2 என்றால் பாறைக்குவியல், அவ்வப்போது கை ஊன்ற வேண்டிவரும். 3இல் கையும் காலும் சேர்ந்து வேலை செய்யும். 4இல் பிடிகள் பெரிதாகவே இருக்கும். ஆனால் கை நழுவினால் உயிர் போகும், பலர் கயிறு கட்டிக்கொள்வார்கள். 5 முழுக்கக் கயிறும் பாதுகாப்புச் சாதனங்களும் வேண்டிய ஏற்றம். கிராண்ட் டீட்டான் சிகரத்தின் (4,199 மீட்டர்) மிகச் சுலபமான ஓவன்-ஸ்பால்டிங் வழிகூட 5.4, அதாவது 5ஆம் வகுப்பின் ஓர் உட்பிரிவு. மிடில் டீட்டானின் நம் வழி 3.

இந்த எண்கள் எல்லாம் காய்ந்த பாறைக்குக் கொடுக்கப்பட்டவை. அதே வாய்க்காலில் ஜூன் மாதத்துக் கடினப் பனியோ, முந்தின இரவு பெய்த மழை உறைந்த கண்ணாடிப் படலமோ இருந்தால் 3 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. புதியவர்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நாளைப் பார்க்காமல் கிளம்புவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

பனியாறு எதைச் செதுக்கியது என்று பாருங்கள்

டீட்டான் தொடருக்கு அடிவாரக் குன்றுகள் கிடையாது. நிலப்பிளவு ஒன்றின் மேற்குப் பக்கம் மேலெழும்பியதால் மலை சமவெளியிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. பிறகு பனியாறுகள் அதைக் குடைந்தன. கடைசிப் பெரும் பனிக்காலத்தில் பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி வந்த பனி, சமவெளியின் விளிம்பில் கல்லையும் மண்ணையும் அரைவட்டக் கரையாகக் குவித்தது. இதுதான் மொரைன். பனி உருகியதும் அந்தக் கரைகள் தேக்கிய நீர்தான் ஜென்னி, லீ, டேகர்ட், பிராட்லி, பெல்ப்ஸ் ஏரிகள். வரைபடத்தில் ஏரியைப் பார்த்தால் அதற்கு நேர் மேலே ஒரு பனியாற்றுப் பள்ளத்தாக்கு வாய் திறந்திருக்கும். பிராட்லி ஏரிக்கு மேலே இருப்பது கார்னெட் பள்ளத்தாக்கு. நம் வழி அதற்குள்தான்.

பனியாற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு அகன்ற ‘ப’வைப் போல இருக்கும். அடிப்பகுதியில் நடப்பது எளிது, பக்கச் சுவர்களில் ஏறுவது கிட்டத்தட்ட முடியாது. ஆகவே பள்ளத்தாக்குக்குள் நுழைந்தபின் பக்கவாட்டில் குறுக்குவழி தேடாதீர்கள். நீளவாக்கில் பார்த்தால் அது படிக்கட்டு போல இருக்கும்: தட்டையான ஒரு தளம், ஒரு செங்குத்துப் படி, மீண்டும் ஒரு தளம். தளங்களில் கூடாரம் போடலாம், நீர் கிடைக்கும். கோடையிலும் பனி தங்கி நம்மைத் தாமதிக்கவைப்பது படிகளில்தான். பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் பனி குடைந்த கிண்ணம் ஒன்று இருக்கும். இரண்டு கிண்ணங்கள் முதுகோடு முதுகு குடைந்த இடத்தில் கத்தி விளிம்பு போன்ற முகடு மிஞ்சும். முகட்டில் தாழ்ந்த இடம் சேணம், அதாவது சாடில். டீட்டானில் பெரும்பாலான ஏற்ற வழிகளின் எலும்புக்கூடு ஒன்றேதான்: மொரைன், பள்ளத்தாக்குத் தளம், பாறைக்குவியல், சேணம், பிறகு முகடோ கூலுவாரோ. இந்த வரிசை கண்ணில் பட ஆரம்பித்தால் புதிய சிகரத்தின் வரைபடமும் உங்களுக்குப் பேசும்.

கோடுகளை மில்லிமீட்டரில் அளவிடுங்கள்

1:24,000 அளவுள்ள, சமஉயரக் கோடுகள் கொண்ட நிலப்பரப்பு வரைபடத்தை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசித் திரை போதாது. குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும். இந்த அளவில் காகிதத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 24 மீட்டர்.

சமஉயரக் கோடுகளின் இடைவெளி வரைபடத்தின் அடியில் அச்சாகியிருக்கும். 40 அடி என்று இருந்தால் ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடித்த கோடு. இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே 200 அடி, அதாவது 61 மீட்டர் உயரம். உங்கள் வழி நெடுக அளவுகோலை வைத்துப் பாருங்கள். தடித்த கோடுகள் 4.4 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் சரிவு 30 டிகிரி. 3.6 என்றால் 35 டிகிரி, 3 என்றால் 40 டிகிரி, 2.5 என்றால் 45 டிகிரி. தளர்ந்த கற்கள் சரியாமல் நிற்கும் எல்லை சுமார் 35 டிகிரிதான். 3.6 மில்லிமீட்டருக்கும் நெருக்கமாகக் கோடுகள் உள்ள இடத்தில் திடப்பாறையோ பனியோதான் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போங்கள். அந்தப் பகுதிகளைச் சிவப்புப் பென்சிலால் தீட்டிவிடுங்கள்.

கோடு சொல்லாததும் உண்டு. 40 அடி இடைவெளியில் 35 அடிச் செங்குத்துப் பாறை எந்தக் கோட்டிலும் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும். பத்து மீட்டருக்கும் அதிகமான சுவர் அது! மேலிருந்து இறங்குபவர்கள் இப்படிப்பட்ட சுவர்களின் விளிம்பில் வந்து மாட்டிக்கொள்வார்கள். ஜென்னி ஏரியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் டீவினாட் சிகரத்தை (3,757 மீட்டர்) முதல் சிகரமாக எடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அதன் கிழக்கு முகம் 4ஆம் வகுப்பு. ஏறும்போது வழி தெளிவாகத் தெரியும். இறங்கும்போது எல்லா வாய்க்காலும் ஒன்றுபோலத் தோன்றும், தவறானவை சுவரில் போய் முடியும். அங்கே உயிரிழப்புகள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன.

திசைகாட்டி கொண்டுபோனால் காந்தத் திசை விலக்கத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்தப் பகுதியில் அது சுமார் 10 டிகிரி கிழக்கு.

வழியைத் துண்டுகளாக வெட்டுங்கள்

தொடக்கம் லூபின் மெடோஸ் வாகன நிறுத்துமிடம், உயரம் சுமார் 2,050 மீட்டர். அங்கிருந்து நல்ல பாதை வளைந்து வளைந்து ஏறும். ஒரு பிரிவில் வலப்பக்கம் சர்ப்ரைஸ் ஏரிக்கும் ஆம்பிதியேட்டர் ஏரிக்கும் போகிறது, நமக்கு இடப்பக்கம். இருட்டில் கிளம்புபவர்கள் இந்தப் பிரிவைத் தாண்டிப்போய் ஏரிப் பக்கம் ஏறிவிடுவதுண்டு, ஆகவே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பாதை பள்ளத்தாக்குக்குள் திரும்பி, வீடளவுப் பாறைகள் கிடக்கும் இடத்தில் முடியும். அதைத் தாண்டினால் மெடோஸ் என்னும் புல்தளம், சுமார் 2,800 மீட்டர். இதுவரை சுமார் 7 கிலோமீட்டர்.

மெடோஸில் நின்று நிமிர்ந்தால் மிடில் டீட்டானின் கிழக்கு முகம் எதிரே இருக்கும். அதில் மேலிருந்து கீழாக மைக்கோடு போட்டது போல ஒரு கறுப்புப் பட்டை தெரியும். பழைய பாறையின் பிளவுக்குள் உருகிய குழம்பு புகுந்து உறைந்தது அது. வேறெந்த முகத்தோடும் குழப்பிக்கொள்ள முடியாத அடையாளம். பள்ளத்தாக்கு இங்கே இரண்டாகப் பிரிகிறது. பட்டைக்கு வலப்பக்கமாகப் போகும் வட கிளை லோயர் சாடிலுக்கும் கிராண்ட் டீட்டானுக்கும் ஏறுகிறது. நமக்கு இடப்பக்கம், தென் கிளை.

தென் கிளையில் பாதையில்லை. பாறைக்குவியலும் பனித்திட்டும் மாறி மாறி வரும். சுமார் 2.3 கிலோமீட்டரில் 675 மீட்டர் ஏறி, மிடில் டீட்டானுக்கும் சவுத் டீட்டானுக்கும் நடுவிலுள்ள சேணத்தை அடையலாம், சுமார் 3,475 மீட்டர். சேணத்தின் மேற்குப் பக்கம் கீழே ஐஸ்ப்ளோ ஏரி தெரியும். அங்கிருந்து வடக்கே திரும்பினால் தென்மேற்குக் கூலுவார். இன்னும் 430 மீட்டர் ஏறினால் சிகரம்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எங்கே தொடங்குகிறது, எந்த உயரத்தில் முடிகிறது, எதைப் பார்த்தால் முடிந்துவிட்டது என்று தெரியும், தவறவிட்டால் எங்கே போய் நிற்போம். கடைசிக் கேள்வியைப் பலரும் எழுதுவதில்லை. நம் வழியில் அதற்கான பதில் முக்கியமானது: மேகம் சூழ்ந்த நேரத்தில் சேணத்திலிருந்து மேற்கே இறங்கிவிட்டால் மலைத்தொடரின் மறுபக்கம் போய்ச் சேர்வீர்கள், காரிலிருந்து ஒரு நாள் தொலைவில். ஏறும்போதே சேணத்தில் நின்று, வந்த கிழக்குப் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்துப் படம் எடுத்து, திசைகாட்டி எண்ணையும் காகிதத்தில் குறியுங்கள்.

மணிக்கணக்கு

சுவிட்சர்லாந்து மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் வகுத்த கணக்கு எளிதானது. கிடைத்தூரத்தைக் கிலோமீட்டரில் எடுங்கள். ஏறும் உயரத்தை மீட்டரில் எடுத்து 100ஆல் வகுங்கள். இரண்டையும் கூட்டினால் அலகு. மேலே ஏறும்போது மணிக்கு 4 அலகு, கீழே இறங்கும்போது 6 அலகு. பாறைக்குவியலில் புதியவர்களுக்கு ஏறும்போது 3, இறங்கும்போது 4 என்று வைத்துக்கொள்வது நியாயம்.

மெடோஸ் வரை: 7 + 7.5 = 14.5 அலகு, ஏற 3 மணி 40 நிமிடம். மெடோஸிலிருந்து சேணம்: 2.3 + 6.75, ஏறத்தாழ 9 அலகு, 3 மணி நேரம். சேணத்திலிருந்து சிகரம்: சுமார் 5 அலகு, 1 மணி 40 நிமிடம். ஏற மட்டும் 8 மணி 20 நிமிடம். இறங்கக் கிட்டத்தட்ட 6. ஓய்வையும் சேர்த்தால் 15 மணி நேரம்.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. 11 மணிக்குச் சிகரத்தை விட்டு இறங்க வேண்டும் என்றால் அதிகாலை இரண்டரைக்குக் காரிலிருந்து கிளம்ப வேண்டும். பழகியவர்கள் ஒரே நாளில் போய்வந்துவிடுவார்கள். புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை இரண்டு நாள்தான்: முதல் நாள் மெடோஸில் தங்குங்கள், மறுநாள் 5 மணிக்குத் தலைவிளக்கோடு கிளம்பினால் 10 மணிவாக்கில் சிகரம். கடல்மட்டத்து ஊர்களிலிருந்து விமானத்தில் வந்து இறங்குபவர்கள் அதற்கு முன் ஜாக்சன் சமவெளியில் (சுமார் 1,900 மீட்டர்) இரண்டு நாள் இருந்து உடலைப் பழக்குவதும் தேவை. தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் இறங்குவது ஒன்றே மருந்து.

திரும்பும் நேரத்தைச் சிகரத்துக்கு மட்டும் வைக்காதீர்கள். சேணத்தில் 9 மணிக்குள் இல்லையென்றால் திரும்புவது என்று தனியாக ஒரு கெடு வையுங்கள். காரணம் வானிலை. இங்கே மழை மேற்கிலிருந்து வருகிறது. கார்னெட் பள்ளத்தாக்குக்குள் இருக்கும்வரை மேற்கு வானம் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். தலைக்கு மேல் நீல வானத்தையே பார்த்துக்கொண்டு ஏறுவீர்கள். சேணத்தில் கால் வைத்த பிறகுதான் மேற்கே ஐடாஹோ மாநிலப் பக்கத்து மேகம் முதன்முதலாகத் தெரியும். அது பஞ்சுப் பொதியாக இருந்து மேல்நோக்கி வளரத் தொடங்கியிருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கிராண்ட் டீட்டானில் 2010 ஜூலை 21 அன்று 17 பேர் மின்னலில் சிக்கினார்கள், ஒருவர் இறந்தார். பாறை முகட்டில் ஓடி ஒளிய இடமில்லை.

கூலுவாரில் பனி இருந்தால்

பனிக்கோடரியும் கிராம்பானும் (காலணிக்கு அடியில் மாட்டும் உலோக முள் சட்டம்) ஜூலை நடுப்பகுதி வரை, சில ஆண்டுகளில் அதைத் தாண்டியும் வேண்டியிருக்கும். எந்தத் திசையைப் பார்த்த சரிவு என்பதைக் கவனியுங்கள். கிழக்கு முகத்தில் சூரியன் உதித்ததும் பனி இளகும், அதில் ஒட்டியிருந்த கற்கள் விழத் தொடங்கும். நம் கூலுவார் தென்மேற்கு முகம். காலை முழுவதும் நிழலில் கிடந்து இரும்பாக உறைந்திருக்கும். சீக்கிரம் கிளம்பினால் பாதுகாப்பு என்று நினைத்து கிராம்பான் இல்லாமல் போனவர்கள் அதன் அடியில் நின்று தவிப்பார்கள். விடியலில் போவதானால் கிராம்பான் கட்டாயம். இல்லையென்றால் பனி வடியும் ஆகஸ்டுக்கு நாளைத் தள்ளிப்போடுங்கள்.

வழுக்கினால் நிறுத்தும் முறையைப் புத்தகத்தில் படித்தால் வராது. கீழே பாறையில்லாமல் தட்டையாக முடியும் ஒரு பனிச்சரிவில் அரை நாள் பழகுங்கள். கோடரியின் தலையை ஒரு கையால் பிடித்துத் தோளருகே வைக்க வேண்டும். தண்டு மார்புக்குக் குறுக்கே வந்து, கூர்முனையருகே மறுகை எதிர் இடுப்பில் இருக்க வேண்டும். குப்புறத் திரும்பி, உடல் எடை முழுவதையும் கோடரியின் அலகு மேல் இறக்குங்கள். கிராம்பான் போட்டிருந்தால் பாதங்களைத் தூக்கிவிட்டு முழங்காலால் அழுத்துங்கள். முள் பனியில் மாட்டினால் கணுக்கால் முறியும், உடல் தலைகீழாகப் புரளும். அதே காரணத்தால் கிராம்பானோடு உட்கார்ந்து சறுக்கி இறங்கவே கூடாது.

பனியும் பாறையும் தொடும் ஓரத்தை விட்டு விலகி நடங்கள். வெயிலில் சூடான பாறை பக்கத்துப் பனியை உள்ளிருந்து உருக்கி ஆழமான பிளவை உண்டாக்கும், மேலே மெல்லிய கூரை மட்டும் மிஞ்சும். பள்ளத்தாக்கின் நடுவிலும் அப்படித்தான்: பனிக்கடியில் நீரோசை கேட்டால் நீங்கள் ஓடையின் கூரைமேல் நிற்கிறீர்கள். பிற்பகலில் உருகுநீர் பெருகி, காலையில் தாண்டிய ஓடை முழங்காலளவு ஏறியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கூலுவாருக்குள் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. குழுவாகப் போனால் ஒருவருக்கொருவர் ஒட்டியே ஏறுங்கள், அப்போது மேலிருப்பவர் தட்டிவிடும் கல் வேகமெடுப்பதற்குள் வந்துவிடும். அது முடியாவிட்டால் ஒருவர் பாறை மறைவில் நிற்க, மற்றவர் நகரட்டும். கல் உருண்டால் “கல்!” என்று உரக்கக் கத்துங்கள், கீழே இருப்பவர் நிமிர்ந்து பார்க்காமல் சுவரோடு ஒட்ட வேண்டும்.

அனுமதியும் பையும்

ஒரே நாளில் ஏறி இறங்கத் தனி அனுமதி தேவையில்லை. பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டும்தான். இரவு தங்க அனுமதிச் சீட்டு கட்டாயம், கோடையில் கார்னெட் பள்ளத்தாக்கு சீக்கிரம் நிரம்பிவிடும். 10,000 அடிக்கு (சுமார் 3,050 மீட்டர்) கீழே தங்கினால் உணவைக் கரடி திறக்க முடியாத பெட்டியில் வைக்க வேண்டும். கரடி விரட்டும் தெளிப்பான் பைக்குள் இருந்தால் பயனில்லை, இடுப்பில் மாட்டுங்கள். மெடோஸில் கரடியைவிட அதிகத் தொல்லை மார்மாட் என்னும் பெரிய மலை அணில்கள்தான். வியர்வை உப்புக்காக முதுகுப்பையின் பட்டையையும் நடைக்கோலின் கைப்பிடியையும் கடித்துத் தின்றுவிடும். சிகர நாளில் அவற்றைத் தரையில் விட்டுப்போகாதீர்கள்.

நீர் ஆளுக்கு 3 லிட்டர். ஓடைநீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடியுங்கள். சேணத்துக்கு மேல் நீரை எதிர்பார்க்காதீர்கள். மழைச்சட்டை, கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, தலைவிளக்கும் மாற்று மின்கலமும், கையுறை. மேலே குழி தோண்ட மண் கிடையாது என்பதால் மனிதக் கழிவைக் கட்டிக் கொண்டுவரும் பை. செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி இருந்தால் நல்லது, பள்ளத்தாக்குக்குள் கைபேசி பெரும்பாலும் எடுக்காது.

இதை முடித்த கையோடு கிராண்ட் டீட்டானுக்கும் போகலாம் என்று சிலருக்குத் தோன்றும். அதற்குத் தேவையான திறமை வேறு. இறங்கும்போது 35 மீட்டருக்கும் நீளமான ஒரு கயிற்றிறக்கம் இருக்கிறது. 60 மீட்டர் கயிற்றை மடித்தால் 30தான், எட்டாது. கயிற்றுக் கணக்கும், கயிற்றைப் பாறையில் பிணைக்கும் நங்கூரமும் கைவந்த ஒருவர் உடன் இல்லாமல் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

கிளம்பும் முந்தின நாள்

ஜென்னி ஏரி ரேஞ்சர் நிலையத்துக்கு நேரில் போங்கள். மலையேற்ற ரேஞ்சர்கள் அங்கே இருப்பார்கள், மீட்புக்கு வருபவர்களும் அவர்களே. “மிடில் டீட்டான் எப்படி இருக்கிறது?” என்று மொட்டையாகக் கேட்காமல், துண்டு வாரியாகக் கேளுங்கள்: தென் கிளையில் பனி எந்த உயரத்தில் தொடங்குகிறது, கூலுவார் முழுக்கக் காய்ந்துவிட்டதா, காலையில் கிராம்பான் போடுகிறார்களா, கடைசியாக யார் எப்போது ஏறி வந்தார்கள். அவர்கள் சொல்வதை உங்கள் துண்டுப் பட்டியலின் ஓரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிவைத்ததற்கு அது முரணாக இருந்தால் திட்டத்தை மாற்றுங்கள்.

ஏறுபவர் திரும்பி வந்தாரா என்று பூங்கா கணக்கு வைப்பதில்லை. ஆகவே ஊரில் இருக்கும் ஒருவரிடம் ஒரு தாளை அனுப்பிவிடுங்கள். அதில் காரின் நிறமும் எண்ணும், எங்கே நிறுத்தியிருக்கிறது என்பதும், எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குகிறீர்கள் என்பதும், கூடாரத்தின் நிறமும், உடன் வருபவர்களின் பெயர்களும் இருக்கட்டும். கடைசி வரியில் ஒரு நேரம்: இத்தனை மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் அமெரிக்க அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்து கிராண்ட் டீட்டான் பூங்கா என்று சொல்லுங்கள். அந்த நேரத்தை நீங்கள் திரும்பிவிடுவீர்கள் என்று கணக்கிட்டதற்கு 3 மணி நேரம் பின்னால் வையுங்கள். இறங்கி வந்ததும், காலணியைக் கழற்றும் முன்பே அவருக்குச் செய்தி அனுப்புங்கள்.